பல் டாக்டரின் கறுப்பு ரோஜா

வலது கையுறையை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, முகமூடியைத் தாடைக்கு இறக்கி, முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைத்துக்கொண்டார் டாக்டர். கண்கள் தாமாக மூடின. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர் வாயைப் பிளந்தபடி கிடந்தார். ஊசி போட்டுத் தாடை மரத்துப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. தாடைக்கு இருந்த பொறுமை டிரைவருக்கு இல்லை. கண்ணை உருட்டி, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற டாக்டரின் மனைவியைப் பார்த்தார். அவள் தன் பார்வையைச் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூணு மணி நேரம் ஆச்சு," என்றார் டாக்டர், குறிப்பாக யாரிடமும் இல்லாமல். "இப்பத்தான் அடிமணம் வருது."

டிரைவரின் சொத்தைப் பல்லுக்கும் இந்த மணத்துக்கும் சம்பந்தமில்லை. காலை ஒன்பது மணிக்கு அவர் முழங்கை மடிப்பில் பீய்ச்சிக்கொண்ட ரோஜா சென்ட் அது; மேல்மணம் பறந்த பிறகு தோலில் தங்குவதுதான் அடிமணம். மறுபடி ஒருமுறை ஆழமாக இழுத்தார். முகம் சுருங்கியது. மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து ஏதோ எழுதினார். பிறகுதான் புதுக் கையுறை, பிறகுதான் டிரைவர்.

அந்த அட்டை நோயாளிகளுக்காக அச்சடித்தது. மேல் வரிசை, கீழ் வரிசையாக முப்பத்திரண்டு பற்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; பல் டாக்டர்கள் கணக்கில் அது பதினொன்றில் தொடங்கி நாற்பத்தெட்டு வரை போகும். எந்தப் பல்லில் என்ன கோளாறு என்று குறித்துக்கொள்வதற்கானது. டாக்டர் அதில் வாசனைகளைக் குறித்துவந்தார். ஒவ்வொரு சாம்பிள் குப்பிக்கும் ஒரு பல்லின் எண். பதினாறு: பத்து நிமிடம் ரோஜா, பிறகு வினிகர். இருபத்தேழு: ஈரச் சாவிக்கொத்து. முப்பத்தொன்று: பள்ளிக்கூட அழிரப்பர். ஒருநாள் அவர் மனைவி அந்த அட்டைகளை எடுத்து ஒன்றுவிடாமல் படித்தாள். இருபத்தாறு வருடமாக அவள் சமைத்துப் போட்டதைப் பற்றி அந்த மனிதர் சொன்ன அதிகபட்ச வார்த்தை 'ம்'. அப்படிப்பட்டவருக்குள் இத்தனை உவமைகள் ஒளிந்திருந்தன என்பது அவளுக்குப் புதுச் செய்தி. ஆச்சரியப்பட்டாள் என்று சொல்ல முடியாது. கொள்ளை போன வீட்டுக்காரிக்கு வரும் எரிச்சல்தான் வந்தது.

ஐந்து வாரத்துக்கு ஒரு அட்டை தீர்ந்துகொண்டிருந்தது. உடம்பில் அவர் ஆறு இடங்களை ஒதுக்கியிருந்தார். இரண்டு மணிக்கட்டு, இரண்டு முழங்கை மடிப்பு; ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முழங்கால்களின் பின்புறமும் சேர்ந்துகொள்ளும். ஐம்பத்தைந்து வயதில், அவருடைய தொப்பையை வைத்துக்கொண்டு, சொந்த முழங்காலின் பின்புறத்தை முகர்வது லேசுப்பட்ட காரியமில்லை. சோபாவில் மல்லாந்து, காலை இரு கையாலும் பிடித்து இழுத்து, பெருமூச்சு விட்டுக்கொண்டு மூக்கை நீட்டுவார். பாதி வழியில் தொப்பை குறுக்கே வந்து நிற்கும். உள்ளே வந்த பால்காரர் ஒருமுறை அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, டாக்டருக்குச் சுளுக்கு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அவள் மறுக்கவில்லை. உண்மையைவிடச் சுளுக்கு கௌரவமாக இருந்தது.

"நான் தேடறது கறுப்பு ரோஜா. கறுப்புன்னா நிறம் இல்ல, ஆழம்," என்பார் டாக்டர். "கடையில விக்கறதெல்லாம் காலையில பூத்த ரோஜா. எனக்கு வேண்டியது இருட்டின பிறகு தோட்டத்துல நிக்கிற ரோஜா. இதழ் மட்டும் இல்ல. தண்டு, முள்ளு, மண்ணு எல்லாம் இருக்கணும்." அவர் தோட்டத்தில் நின்று அவள் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் இருந்த ஒரே தொட்டிச் செடியையும் கார் ஏற்றிக் கொன்றவர் அவர்தான். ஆழம் என்று அவருக்கு நிஜமாகத் தெரிந்தது கடைவாய்ப் பல்லின் வேர் மட்டுமே.

அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. கை அப்படி. ஊசி இறங்கியதே தெரியாமல், "எப்ப சார் போடுவீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அழுதுகொண்டு வந்த குழந்தைகள் தூங்கிப் போயிருக்கின்றன. அந்தக் கைக்காகத்தான் அவள் முன்னறை மேஜையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தாள், ஃபோன் எடுத்தாள், ஆட்கள் முன்னால் கட்டின புருஷனை "டாக்டர்" என்று கூப்பிட்டாள்.

இது எங்கே தொடங்கியது என்பது அவளுக்கு நாள், கிழமையோடு தெரியும். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த ஓர் அம்மாள், கன்னம் வீங்கி வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். அதிர்ந்து பேசாதவர், ஆனால் அவர் கேள்வி கேட்டால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும்போல் இருக்கும். மூன்று தடவை வந்து வேர் சிகிச்சை செய்துகொண்டார். முதல் தடவை அவர் போனதும் டாக்டர் முன்னறைக்கு வந்து நின்றார். அடுத்த ஆளைக் கூப்பிடத்தான் வந்தார் என்று நினைத்தாள். அவர் தலையைச் சற்றே தூக்கி, வாசல் பக்கமிருந்து வந்த காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்தமுறை அந்த அம்மாள் வரும்போது அது என்ன சென்ட் என்று கேட்டு வைக்கச் சொன்னார். பெண்ணைப் பெண் கேட்டால் தப்பில்லை என்று அவளும் கேட்டாள். அந்த அம்மாள் சொன்ன பெயரை மருந்துச் சீட்டிலேயே எழுதிக்கொண்டு கடைக்கு ஓடினார் டாக்டர்.

வாங்கி வந்து மணிக்கட்டில் போட்டுக்கொண்டார். அரை மணி நேரத்தில் அது இருமல் மருந்தாகிவிட்டது. போலிச் சரக்கு என்று குப்பியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனார். கவுண்டரில் இருந்த விற்பனைப் பெண் அதே குப்பியிலிருந்து தன் கையில் ஒரு துளி போட்டு அவரிடம் நீட்டினாள். அவள் கையில் அது வேறாக இருந்தது. "சென்ட் ஒண்ணுதான் சார். தோல்தான் வேற வேற. காகிதத்துல மோந்து பாத்து வாங்கினா இப்படித்தான். உங்க தோலுக்கு எது ஒத்துக்கும்னு நீங்கதான் தேடணும்," என்றாள் அந்தப் புண்ணியவதி. ஆளை விரட்டுவதற்குச் சொன்ன வார்த்தை. அவர் அதை உபதேசமாக எடுத்துக்கொண்டார். தோல் என்பது பல்லைச் சுற்றியிருக்கும் உறை என்று முப்பது வருடம் நினைத்திருந்த மனிதருக்குத் தன் உடம்பிலும் தோல் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் சாதாரணத் தோல் இல்லையாம். "என் தோல் ரொம்ப நுணுக்கம்," என்று சொல்ல ஆரம்பித்தார். சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போய், மற்ற வாடிக்கையாளர்களுக்கும் வகுப்பெடுத்தார். அவர் தலை தெரிந்தால் அந்தப் பெண் கிடங்குக்குள் போய் ஒளிந்துகொள்வாள் என்று பின்னால் தெரியவந்தது.

விஷயம் காதுக்கு எட்டியதும் டாக்டர் மனைவியின் தங்கை ஃபோனில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். ஆம்பளைகள் ஐம்பத்தைந்து வயதில் சென்ட் தேட ஆரம்பித்தால் அதற்கு ஊரில் வேறு பெயர் உண்டு என்றாள். அக்காவுக்கும் அந்தச் சந்தேகம் வராமல் இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் போகிற போக்கில், அந்தச் சுங்க அதிகாரி அம்மா பார்க்க நல்லா இருப்பாங்க இல்ல என்று கேட்டுப் பார்த்தாள்.

டாக்டர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசித்தார். "யாரு? ஆங், கீழ் வலது பக்கம் ஆறாவது பல்லு. மூணு வேரு. ஒண்ணு கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தது." முகம் ஞாபகமில்லை. குட்டையா நெட்டையா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

"அவர் அந்தப் பொம்பளை மேல ஆசைப்பட்டிருந்தாக்கூட எனக்கு மரியாதையா இருந்திருக்கும்டி," என்று தங்கையிடம் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள். தங்கைக்குப் புரியவில்லை.

அதற்குள் மருத்துவமனை நாற ஆரம்பித்திருந்தது. நாற்றம் என்று அவள்தான் சொல்வாள். ஒரே அறையில், ஒரே ஆளின் மேல், நாலு வகை ரோஜாவும் கிராம்புத் தைலமும் மருந்து வாடையும் ஒன்றாகக் கலந்தால் அதற்கு வேறு வார்த்தை கிடையாது. பல் டாக்டரிடம் வந்தவன் ஓடவும் முடியாது, மூக்கைப் பொத்தவும் முடியாது, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவும் முடியாது. இதைவிட அடக்கமான சபை எந்தக் கவிஞனுக்கும் கிடைத்ததில்லை. ஒரு பள்ளிக்கூட ஆசிரியைக்குப் பல்லைக் குடையும்போதே தும்மல் வந்து உதடு கிழிந்தது. பதினைந்து வருடம் கூட இருந்த நர்ஸ் அம்மாவுக்கு இழுப்பு வந்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சம்பளம் வேணும்தான் மேடம், ஆனா மூச்சும் வேணும் இல்ல," என்று கும்பிடு போட்டுவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்துதான் அவள் முன்னறையை விட்டு எழுந்து உள்ளே வந்து எச்சில் குழாயைப் பிடித்தாள். முன்னறையில் ஆள் தேவைப்படவும் இல்லை. பத்திரிகைகள் அடுக்கியபடியே கிடந்தன.

அவள் சண்டை போடாமல் இல்லை. வீட்டில் போட்டுக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம் என்று கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். வாசனை நிஜமாக இறங்குவது வேலை செய்யும் உடம்பில்தான், சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பில் பரிசோதித்துப் பயனில்லை என்று பதில் வந்தது. குரலில் கோபம்கூட இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சட்டம் விளக்குகிற வக்கீலின் பொறுமை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இந்த நிலையில்தான் சுங்க அதிகாரியின் பல்லுக்குப் போட்ட உறை தளர்ந்து, அவர் மறுபடி நேரம் கேட்டார்.

அன்றைக்கு டாக்டர் உடம்பில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை. வாசனையில்லாத சோப்பில் குளித்து, புது வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, காலை எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். அவ்வளவு மோசமாக அவள் கணக்கு அதுவரை தப்பியதில்லை.

அந்த அம்மாள் வந்து படுத்தார். கழுத்தில் அவள் காகிதத் துண்டைக் கட்டிவிட்டாள். ஊசி போட்டாகிவிட்டது. கன்னத்துக்குள் பஞ்சு வைத்தாகிவிட்டது. டாக்டர் தளர்ந்த உறையை நெம்பி எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு கையிலிருந்த கருவியையும் தட்டில் வைத்தார். முகமூடியை இறக்கினார். குனிந்தார். பல்லைப் பார்க்கத்தான் குனிகிறார் என்று குழாயை நகர்த்திக்கொடுத்தாள். அவருடைய மூக்கு அந்த அம்மாளின் காதுக்குக் கீழே, கழுத்திலிருந்து ஒரு விரல் தூரத்தில் போய் நின்றது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

அந்த அம்மாளின் உடம்பு முழுக்கக் கட்டையாகிப் போனதை அவள் பார்த்தாள். பிறகு ஒரு கை மேலே வந்து டாக்டரின் மார்பில் வைத்துத் தள்ளியது. தட்டு சரிந்து கருவிகள் தரையில் சிதறின.

"ஒரு நிமிஷம் அசையாம இருங்க," என்றார் டாக்டர். "இது அது இல்லையே. மாத்திட்டீங்களா?"

அவர் குரலில் இருந்தது ஏமாற்றம். கடையில் வழக்கமான சரக்கு இல்லை என்று சொன்னால் வருமே, அந்த ஏமாற்றம்.

அந்த அம்மாள் எழுந்தார். வாயிலிருந்த பஞ்சைத் துப்பினார். கழுத்துத் துண்டைக்கூட அவிழ்க்காமல், கைப்பையை எடுத்துக்கொண்டு, பாதிப் பல்லோடு வெளியே போனார். டாக்டர் குனிந்து கருவிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் எக்ஸ்ரே உறையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

மாடிப்படித் திருப்பத்தில் பிடித்தாள். அந்த அம்மாள் கைப்பிடியை இறுக்கிப் பற்றியிருந்தார். இரண்டு தெரு தள்ளி இன்னொரு பல் மருத்துவமனை இருக்கிறது, இப்போதே ஃபோன் பண்ணி நேரம் வாங்கித் தருகிறேன் என்று எக்ஸ்ரேயை நீட்டினாள். பிறகு, எப்படியாவது நல்லபடியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"அவருக்கு உங்க மேல தப்பான எண்ணம் எதுவும் இல்ல மேடம். உண்மையைச் சொல்லணும்னா, அங்க ஒரு ஆள் படுத்திருக்கறதே அவருக்குத் தெரியல."

"அது இன்னும் மோசம்," என்றார் சுங்க அதிகாரி. பாதி உதடு மரத்திருந்ததால் வார்த்தை குழறியது. நிறுத்தி, மறுபடி தெளிவாகச் சொல்ல முயன்றார். "நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. அந்தக் குழாயைப் பிடிச்சுக்கிட்டு."

நின்றாள்தான். ஒன்றரை வருடமாக எல்லாவற்றையும் பார்த்து, உள்ளுக்குள் இளப்பமாகச் சிரித்துக்கொண்டு, தங்கையிடம் ஃபோனில் கதை கதையாகச் சொல்லிக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்பினால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. இப்போது ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"புகார் எழுதுங்க மேடம்," என்றாள். "நான் பாத்தேன்னு சொல்றேன்."

சுங்க அதிகாரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டிக்குள் வேறு அறை இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற பார்வை. பிறகு எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

புகார் ஒரு பக்கம்தான் இருந்தது. தேதி, நேரம், நடந்தது, அவ்வளவே. பல் மருத்துவர் மன்றத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோது, டாக்டர் இரண்டு நாள் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினார். அதில் ரோஜாவின் வகைகள் இருந்தன. அகிலும் பச்சிலையும் ரோஜாவோடு சேரும் விதம் இருந்தது. மனிதத் தோலின் எண்ணெய்ப் பசை பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை எங்கும் இல்லை. அவள் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தாள். தானும் ஒரு கடிதம் எழுதி அனுப்பிவிட்டதாகவும், சாட்சியாகக் கூப்பிட்டால் போகப் போவதாகவும் சொன்னாள். வீடு இரண்டுபடும் என்று நினைத்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு அவங்க வேற ஏதோ போட்டிருந்தாங்கன்னு எழுதினியா? அதை எழுதலன்னா நான் ஏன் ரெண்டு தடவை மோந்தேன்னு அவங்களுக்குப் புரியாது."

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலை நரைத்த ஒரு பெண் மருத்துவர். டாக்டர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: முகர்ந்து பார்க்கலாமா என்று அந்த அம்மாளிடம் கேட்டீர்களா? வாயில் பஞ்சு இருந்தது, கேட்டாலும் அவர்களால் எப்படிப் பதில் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு, நியாயமான பதில் சொன்ன திருப்தியோடு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று பேரும் பேனாவை எடுத்தார்கள்.

மூன்று மாதம் யாருடைய பல்லையும் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. மருத்துவமனைக் கதவில் அவளே பூட்டுப் போட்டாள். பூட்டின கையோடு பழைய நர்ஸ் அம்மாவைப் போய்ப் பார்த்தாள். கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்கு அனுபவமுள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். திங்கள்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். அதை வீட்டில் சொன்னாள். டாக்டர் 'ம்' என்றார். அவருக்கு வேறு துக்கம் இருந்தது. இனி வீட்டில் ஒரு குப்பி இருந்தாலும் நான் இருக்க மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். முதல் தடவையாக அதை அவர் நம்பினார்போல் இருந்தது. மூன்று செருப்புப் பெட்டி நிறையக் குப்பிகளை அட்டைகளோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் கையால் கொட்ட மனம் வராமல், உள்ளறையில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து குப்பிகளைத் திறந்து சாக்கடையில் கொட்டினாள். சாம்பிள் குப்பிகளின் மூடி கையால் திறக்க வரவில்லை. மருத்துவமனையிலிருந்து பல் பிடுங்கும் இடுக்கியை எடுத்து வந்திருந்தாள். கழுத்தைக் கவ்வி, இப்படியும் அப்படியும் ஆட்டி, ஒரே இழுப்பு. இருபத்திரண்டு வருடம் பார்த்த வேலை. எத்தனை என்று அவள் எண்ணவில்லை. கொட்டக் கொட்டத் தலை கனத்தது. நடுவில் ஒன்று வெடுக்கென்று விட்டு மணிக்கட்டில் தெறித்தது. தண்ணீரில் காட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள். வேலை முடிந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். சாப்பிட்டாள். பாத்திரம் கழுவினாள். பிறகு கூடத்தில் மேஜை மேல் போர்வையை விரித்து, மறுநாள் போட்டுக்கொண்டு போக வேண்டியதை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். புது இடம்; மடிப்பு நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு ஓரத்தையும் இரண்டு தடவை தேய்த்தாள்.

மூன்று மணி நேரம் போயிருக்கும். உள்ளறையிலிருந்து தண்ணீர் குடிக்க வந்த டாக்டர், கூடத்து வாசலில் நின்றார்.

நின்றவர் அசையவில்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கினார். ஜன்னல் திரையிடம் போய் முகர்ந்தார். சோபாவின் முதுகை முகர்ந்தார். குளியலறைக் கதவு வரை போய்த் திரும்பி வந்தார். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே மேஜையைச் சுற்றி வந்து, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவள் மணிக்கட்டு இஸ்திரிப் பெட்டியோடு முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது.

"முப்பத்தெட்டாம் நம்பர்," என்றார் டாக்டர்.

அவள் வேலையை நிறுத்தினாள். மணிக்கட்டைத் தூக்கி, இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகத் தானே முகர்ந்து பார்த்தாள். ரோஜாதான். ஆனால் யாரோ கொடுக்கிற ரோஜா இல்லை. மழை நின்ற பிறகு இருட்டில் வேலியோரம் நடக்கும்போது, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கூடவே வருமே, அது. அடியில் மரப்பட்டையும் ஈர மண்ணும், நெருப்பு அணைந்த வாடையும் இருந்தன. இஸ்திரியின் சூட்டில் அது மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. இவ்வளவு நாள் இந்த மனிதர் பினாத்திக்கொண்டிருந்தது ஒன்றும் பொய்யில்லை. இப்படி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அவளுடைய உடம்பில் இருக்கிறது.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணத்தன்றும் கலங்காத கண். வெட்கக்கேடு, ஐம்பது வயதில் அவளுக்குக் கன்னம் சூடாகியது. ஏதோ சொல்லப் போகிறார் என்று காத்திருந்தாள். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட ஒரு நொடி தடுமாறினாள்.

"எனக்கு இது ஈயப் பாத்திரத்துல வச்ச ஜாம் மாதிரி இருந்தது," என்றார் டாக்டர். பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டதைப் பார்க்கும் முகம். "அட்டையில எழுதியிருக்கேன். உனக்கு எப்படி இப்படி வந்துது? நீ என்ன சோப்பு போடற?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் அவள் கையைப் பிடித்தார். தன் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு, தன் மணிக்கட்டை அவள் மணிக்கட்டின் மேல் வைத்து, தீக்குச்சி உரசுவதுபோல அழுத்தி இரண்டு முறை தேய்த்தார். பிறகு அவள் கையை விட்டுவிட்டு, தன் கையை மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.